வீட்டு வரி ரசீதில் ஒரு வரி: நூலகப் பணம் யாருடையது?

ஏதோ ஒரு மாநகராட்சி நூலக வரி பாக்கி வைத்திருக்கிறது என்று அவ்வப்போது செய்தி வரும். கொஞ்ச நாள் கழித்து, அரசு பிரம்மாண்டமான நூலகம் ஒன்றைக் கட்டப்போகிறது என்று இன்னொரு செய்தி வரும். நடுவில் எங்காவது ஒரு கிளை நூலகத்தின் கூரை ஒழுகுகிறது என்று படம் போட்டிருப்பார்கள். மூன்றையும் படிப்பவர் கேட்கும் கேள்வி நியாயமானது: பணம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் யாரிடம் இருக்கிறது?

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இந்த மூன்று செய்திகளும் வெவ்வேறு பணப்பைகளைப் பற்றியவை. தமிழ்நாட்டுச் சட்டம் கிளை நூலகங்களுக்கென்று தனிப் பணப்பை ஒன்றைத் தைத்துக் கொடுத்தது. அதைக் கையில் வைத்திருக்கத் தனிக் குழு ஒன்றையும் சொன்னது. பை இன்றும் இருக்கிறது. குழுதான் காலப்போக்கில் ஆள் இல்லாத நாற்காலியாகிவிட்டது. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் கருத்து.

ரசீதைக் கையில் எடுப்போம்

சென்னை மாநகராட்சியின் சொத்து வரிப் பட்டியலைப் பாருங்கள். ஒரு கட்டடத்துக்கு ஆண்டு வாடகை மதிப்பு என்று ஒன்றைக் கணக்கிடுவார்கள். அந்த மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால், அரையாண்டு வரி அதில் 12.40 விழுக்காடு. இந்த 12.40 ஒரே வரி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று பங்குகள்: பொது வரி 9.00, கல்வி வரி 2.50, நூலக வரி 0.90.

ஆண்டு வாடகை மதிப்பு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரையாண்டுக்குக் கட்ட வேண்டியது 1,240 ரூபாய். அதில் 900 மாநகராட்சியின் பொதுச் செலவுக்கு, 250 கல்விக்கு, 90 நூலகத்துக்கு. கவனித்தால் ஒன்று புரியும்: 90 என்பது 900-இல் பத்தில் ஒரு பங்கு. நூலக வரி தனியாக நிர்ணயிக்கப்படும் தொகையல்ல, பொது வரியின் மேல் உட்கார்ந்து வரும் பத்து விழுக்காடு.

இதனால் ஒரு விளைவு. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. குடியிருப்புகளுக்கு வீட்டின் அளவையும் ஊரையும் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை. அதையொட்டி எழுந்த சண்டையில் யாரும் நூலகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அடிப்படை வரி ஏறியபோது நூலக வரியும் சத்தமில்லாமல் கூடவே ஏறிவிட்டது. கிராமத்தில் வீட்டு வரி ரசீது வாங்குபவர்களும் பார்க்கலாம். வீட்டு வரிக்குக் கீழே சின்னதாக நூலக வரி என்று ஒரு தொகை போட்டிருக்கும். ஆக, நூலகத்துக்குள் ஒரு நாள்கூடக் கால் வைக்காதவரும், சொந்த வீடு இருந்தால், ஆண்டுக்கு இருமுறை நூலகத்துக்குப் பணம் கட்டுகிறார்.

முதலில் மூன்று சொற்கள்

*குறிநோக்கு வரி.* ஆங்கிலத்தில் செஸ் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று வாங்கும் வரி. அதை அந்த வேலைக்குத்தான் செலவிட வேண்டும். நூலக வரி இந்த வகை. வசூலிக்கப்படும் முறையில் அது மேல்வரி, அதாவது வேறொரு வரியின் மேல் ஏற்றப்படுவது.

*மாவட்ட நூலக ஆணைக்குழு.* மாவட்டத்துக்கு ஒன்று, சென்னை மாநகருக்கு ஒன்று. சட்டத்தின் கண்ணில் இது ஒரு தனி ஆள் மாதிரி. சொந்தப் பெயரில் சொத்து வாங்கலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்குத் தொடுக்கலாம், இதன் மேலும் வழக்குத் தொடுக்கலாம். இது மாநகராட்சியின் துறையும் அல்ல, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பிரிவும் அல்ல.

*நூலக நிதி.* ஆணைக்குழு வைத்திருக்கும் கணக்கு. நூலக வரி, அரசின் பங்கு, நன்கொடை, தாமதக் கட்டணம் எல்லாம் இதில் சேர வேண்டும். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வைத்து ஒதுக்கும் மாநிலப் பொதுப்பணம் வேறு. பட்ஜெட் புத்தகத்தில் பள்ளிக் கல்வித் துறையின் கோரிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு "நூலகத்துக்கு இவ்வளவுதானா" என்று முடிவு கட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். கிளை நூலகங்களின் பணத்தில் ஒரு பெரிய பகுதி அந்தப் புத்தகத்தின் வழியாகப் போவதே இல்லை.

அரையணாவில் தொடங்கியது

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் நூலகங்கள் மாநிலப் பட்டியலில் உள்ளன, 12ஆவது இனம். கொல்கத்தாவின் தேசிய நூலகம் போன்ற சில நிறுவனங்கள் மட்டும் மத்தியப் பட்டியலில். அதனால் பொது நூலகத்துக்கு நாடு தழுவிய ஒரே சட்டம் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் சட்டமே இல்லாமல் அரசாணைகளை வைத்து நடத்துகிறார்கள்.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்கு முன் 1945இல் கோலாப்பூர் சமஸ்தானம் ஒன்று இயற்றியிருந்தது. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறி, 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். சட்டத்தின் பின்னால் இருந்த மூளை சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ.இரா. அரங்கநாதன். 1930இலேயே மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை எழுதி வைத்தவர் அவர். வரைவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பதினெட்டு ஆண்டுகள்.

அரங்கநாதனுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. நூலகத்தை அரசின் ஆண்டு ஒதுக்கீட்டை நம்பி விட்டால், பஞ்சம், வெள்ளம், தேர்தல் என்று எது வந்தாலும் முதலில் கத்தி விழுவது அதன் மேல்தான். புத்தகம் வாங்காவிட்டால் யாரும் மறியல் செய்ய மாட்டார்கள். அதனால் சட்டத்துக்குள்ளேயே ஒரு வருமானத்தை எழுதி வைத்தார்கள். சட்டத்தின் 12ஆவது பிரிவு அதுதான். அன்றைக்கு வீட்டு வரி ஒரு ரூபாய்க்கு ஆறு பைசா, பழைய கணக்கில் அரையணா. ஒரு ரூபாய்க்கு 192 பைசா என்ற காலம் அது. இன்றைய கணக்கில் சுமார் மூன்று விழுக்காடு. பிறகு படிப்படியாக ஏறி இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு.

பணம் நடக்கும் பாதை

சட்டப்படி பணம் எப்படிப் போக வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. வரியை விதிப்பது ஆணைக்குழு. ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ அல்ல. இது முக்கியம்.

2. வசூலிப்பது உள்ளாட்சி. ஆணைக்குழுவுக்கு வீடு வீடாகப் போக ஆள் கிடையாது. வீட்டு வரி வாங்கும் அதே கை நூலக வரியையும் வாங்குகிறது.

3. வசூலித்ததை உள்ளாட்சி ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். கோயில் உண்டியல் பணத்தை எண்ணி வங்கியில் கட்டுபவருக்கு அந்தப் பணத்தில் எவ்வளவு உரிமையோ, அவ்வளவுதான் உள்ளாட்சிக்கு இந்தப் பணத்தில் உரிமை.

4. சென்னை மாநகர் தவிர்த்த மற்ற ஆணைக்குழுக்களுக்கு, வசூலான நூலக வரிக்குக் குறையாத தொகையை அரசு தன் பங்காகத் தர வேண்டும் என்பது சட்டத்தின் மூல வாசகம்.

5. ஆணைக்குழு தன் பகுதியில் எங்கே நூலகம் வேண்டும், என்ன செலவு ஆகும் என்று திட்டம் தயாரித்துப் பொது நூலக இயக்குநருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஒப்புதல் தந்தால் செலவிடலாம். தனிப் பொது நூலக இயக்ககம் 1972இல் உருவானது. அதற்கு முன் கல்வித் துறை இயக்குநரே இதையும் சேர்த்துப் பார்த்தார்.

6. கணக்கு எழுதி, தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது படியிலும் ஐந்தாவது படியிலும்தான் தடுமாற்றம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாக்கி எப்படிச் சேர்கிறது

ஒரு நகராட்சியின் கணக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி. துப்புரவுப் பணியாளர் சம்பளம் போட வேண்டும். குடிநீர் மோட்டாருக்கு மின்கட்டணம் கட்டவில்லை என்று வாரியம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை என்று உறுப்பினர் கத்திவிட்டுப் போயிருக்கிறார். வங்கிக் கணக்கில் கிடக்கும் தொகையில் ஒரு பகுதி நூலகத்தின் பணம். ஆனால் பணத்தின் மேல் பெயர் எழுதியிருக்காது. எல்லாம் ஒரே ரசீதில் வந்து ஒரே கணக்கில் விழுந்த பணம். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கப்படுவது எதுவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கேட்டுச் சண்டை போட ஆள் இல்லாத பணமே தள்ளிப்போடப்படும்.

இப்படித் தள்ளிய மாதங்கள் சேர்ந்து ஆண்டுகளாகும்போது "கோடிக்கணக்கில் நூலக வரி பாக்கி" என்ற தலைப்பு வருகிறது. அந்தத் தலைப்பைப் பார்த்துப் பலர் நினைப்பது, மக்கள் வரி கட்டவில்லை என்று. பெரும்பாலும் அப்படியல்ல. மக்கள் கட்டிவிட்டார்கள். கட்டிய பணம் நடுவில் நின்றுவிட்டது. வரி பாக்கி என்பதைவிட ஒப்படைப்புப் பாக்கி என்று எழுதினால் சரியாக இருக்கும்.

தொழில்நுட்பம் இதைத் தீர்க்க முடியும். இப்போது மாநகராட்சி முதல் கிராம ஊராட்சி வரை இணையத்தில் வரி கட்டும் வசதி இருக்கிறது. கட்டும் நொடியிலேயே தொகையைப் பிரித்து நூலகப் பங்கை ஆணைக்குழுவின் கணக்குக்கு நேரே அனுப்புவது மென்பொருளுக்குப் பெரிய வேலையே இல்லை. ரசீதில் தனித்தனியாக அச்சாகும் தொகைகள், கணக்கிலும் தனித்தனியாகப் போய் விழ வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஆணைக்குழு ஏன் வழக்குப் போட்டு வாங்கவில்லை? வழக்குத் தொடுக்கும் உரிமை அதற்கு உண்டு என்று மேலே பார்த்தோமே. இங்கேதான் ஆள் இல்லாத நாற்காலி வருகிறது.

நாற்காலியில் யார்

சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்த ஆணைக்குழு கிட்டத்தட்ட ஒரு சின்ன உள்ளாட்சி மன்றம். உள்ளாட்சிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் உறுப்பினர்கள், அரசு நியமிக்கும் சிலர், தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பது என்று. மாவட்ட நூலக அலுவலர் இதன் செயலர். முடிவு எடுப்பது குழு, நிறைவேற்றுவது செயலர். யார் வரியை வசூலிக்கிறார்களோ அவர்களின் பிரதிநிதிகளே குழுவில் உட்கார்ந்து "எங்கள் ஊர் பணம் எங்கே போகிறது" என்று கேட்கும்படியான அமைப்பு.

நடைமுறையில் மூன்று விஷயங்கள் இதைக் கரைத்துவிட்டன.

முதலாவது, உள்ளாட்சித் தேர்தல். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லாவிட்டால் அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் உறுப்பினரும் இல்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில், மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் மறுபடி முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்துக்கு அரசு அதிகாரிகளான தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊற்று வற்றினால் வாய்க்காலில் தண்ணீர் எங்கிருந்து வரும்?

இரண்டாவது, குழுவைக் கலைத்துவிட்டு அல்லது மாற்றியமைத்து நடத்தும் அதிகாரத்தைச் சட்டமே அரசுக்குத் தந்திருக்கிறது. விதிவிலக்காக வைத்தது. விதிவிலக்கில் குடியேறிவிட்டால் யாருக்கும் அதைக் காலி செய்ய மனம் வராது. தனி அலுவலர் பொறுப்பில் ஓடும் ஆண்டுகளில் ஆணைக்குழுக் கூட்டம் என்பது ஒரு அதிகாரி தன் மேசையிலேயே தனக்குத் தானே எழுதும் குறிப்பு. அரசு தலைவரை நியமிக்கும் காலங்களில் கொஞ்சம் அசைவு வரும். ஆனால் நியமனப் பதவி ஆட்சி மாறினால் போய்விடும். போகும் வரை நியமித்தவரைப் பார்த்துத்தான் பேசும்.

மூன்றாவது, செயலர். மாவட்ட நூலக அலுவலர் ஒரு அரசு ஊழியர். அவருக்கு மாறுதல் ஆணை போடுவது இயக்ககம். அவர் எந்த மாநகராட்சியின் மேல் வழக்குப் போட வேண்டுமோ அதன் ஆணையர் பல நேரங்களில் ஓர் இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாக இருப்பார். எண்ணிப் பாருங்கள்: நினைவூட்டுக் கடிதம் எழுதலாம், இரண்டாம் நினைவூட்டு எழுதலாம், ஆய்வுக் கூட்டத்தில் தொகையைப் படிக்கலாம். வக்காலத்து போடுவது நடக்கிற காரியமா? அதனால்தான் இந்தப் பாக்கி விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகும்போது, வழக்குப் போடுபவர் பொதுநல ஆர்வலராகவோ வாசகராகவோ இருக்கிறார். பணத்துக்குச் சொந்தக்காரரான ஆணைக்குழு, பிரதிவாதிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய்: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால்

அரசின் பங்கை வசூலோடு கட்டியதில் நல்ல நோக்கம் உண்டு. மாவட்டங்கள் முனைப்போடு வசூலிக்கும், அரசும் கைவிரிக்க முடியாது. ஆனால் கணக்குப் போட்டால் ஒரு சாய்வு தெரியும்.

வீட்டு வரி எங்கே அதிகம்? கோயம்புத்தூரில், திருப்பூரில், சென்னையை ஒட்டிய மாவட்டங்களில். எங்கே குறைவு? பெரம்பலூர், இராமநாதபுரம் போன்ற இடங்களில். கற்பனையாக ஒரு மாவட்டம் பத்துக் கோடி வசூலித்தால் அரசு இன்னொரு பத்து தரும், இருபதாகும். ஒரு கோடி வசூலிக்கும் மாவட்டத்துக்கு இரண்டாகும். இரண்டுக்கும் இடையில் ஒன்பது கோடியாக இருந்த இடைவெளி பதினெட்டுக் கோடியாகிவிடும். ஈடு என்ற பெயரில் இடைவெளியும் இரட்டிப்பு. சென்னை மாநகரை இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்கியவர்களுக்கு இந்தச் சாய்வு தெரிந்தே இருக்க வேண்டும். ஆனால் மற்ற மாவட்டங்களுக்கு இடையில் இருக்கும் மேடு பள்ளத்துக்கு அவர்கள் மருந்து சொல்லவில்லை.

இன்னொன்று. நகராட்சி ஒப்படைக்காத ஒவ்வொரு ரூபாயும் நூலகத்துக்கு இரண்டு ரூபாய் நட்டமாகக் கூடும். வரியும் வரவில்லை, அதை ஒட்டி வர வேண்டிய அரசின் பங்கும் தள்ளிப்போகும். பாக்கி பற்றிய செய்திகளில் இந்த இரண்டாவது ரூபாயை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது யார்

அரங்கநாதனின் கணக்கில், ஊருக்கு வேண்டிய புத்தகம் ஊருக்கு அருகில் இருப்பவர்களுக்கே தெரியும். நடந்தது வேறு. புத்தகக் கொள்முதலின் பெரும்பகுதி சென்னைக்கு நகர்ந்தது. பதிப்பாளர்கள் "லைப்ரரி ஆர்டர்" என்று சொல்வது இதைத்தான். பதிப்பாளர் மாதிரிப் படி கொடுத்து விண்ணப்பிப்பார், தேர்வுக் குழு பார்க்கும், ஆணை வரும், தேர்வான புத்தகம் மாநிலம் முழுவதும் போகும். ஆணை வருவது சென்னையிலிருந்து. பணம் வருவதோ மாவட்டம் மாவட்டமாக, அந்தந்த நூலக நிதியின் பலத்தைப் பொறுத்து. வரி சரியாக வந்த மாவட்டத்திலிருந்து சீக்கிரம் வரும். பாக்கி நிற்கும் மாவட்டத்திலிருந்து எப்போது வருமோ அப்போது வரும். உள்ளாட்சி அலுவலகத்தில் தள்ளிப்போட்ட ஒரு காசோலை கடைசியில் ஒரு சிறு பதிப்பாளரின் அச்சகக் கடனாகப் போய் முடிகிறது.

விலையும் வேடிக்கையானது. அட்டையில் போட்டிருக்கும் விலையை நூலகத் துறை கண்டுகொள்வதில்லை. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஃபாரத்துக்கு இவ்வளவு என்று எடை போடுகிற மாதிரி ஒரு கணக்கு நெடுங்காலம் நடந்தது. ஐந்து ஆண்டு உழைத்து எழுதிய ஆய்வு நூலுக்கும் ஐந்து நாளில் தொகுத்த பொது அறிவுத் துணுக்குக்கும் பக்கம் ஒன்றாக இருந்தால் விலையும் ஒன்று. இதன் விளைவு நூலக அலமாரியைப் பார்த்தாலே தெரியும். 2024இல் வெளிப்படையான கொள்முதல் கொள்கை என்று ஒன்றை அரசு வெளியிட்டு, விண்ணப்பம் முதல் எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுவந்தது. ஆள் பிடிக்கிற வேலை குறையும் என்பது வரவேற்கத் தக்கது. என்றாலும் முடிவு எடுக்கும் மையம் சென்னையை விட்டு நகரவில்லை.

நூலகம் என்ற பெயரில் வேறு கதைகள்

குழப்பத்தின் பாதி இங்கே. தெருவில் நின்று பார்த்தால் எல்லாம் நூலகம்தான். சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு சாதி.

ஆணைக்குழுவின் கீழ் வருபவை: மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம், நடமாடும் நூலகம். எல்லாம் சேர்த்து மாநிலத்தில் 4,600க்கும் மேல். வெள்ளிக்கிழமை பூட்டிக் கிடக்குமே, வாசலில் புரவலர் பெயர்ப் பலகை மாட்டியிருக்குமே, அவை இவைதான்.

அரசின் நேரடிப் பணத்தில் நடப்பவை: எழும்பூர் கன்னிமரா (1896இல் திறந்தது, இந்தச் சட்டத்தின்படி மாநில மைய நூலகம்), கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் (2010), மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் (2023). பெரிய நூலகம் கட்டும் அறிவிப்புகள் எல்லாம் இந்தப் பையைச் சேர்ந்தவை. அதனால் "கோடிகளைக் கொட்டிக் கட்டுகிறார்கள், எங்கள் கிளை நூலகக் கூரையைப் பார்க்கவில்லை" என்பது உணர்வாகச் சரி, கணக்காகச் சரியில்லை. ஆனால் இந்த வகைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆணையில் பிறந்தது ஆணையிலேயே போகலாம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011 நவம்பரில் அன்றைய அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்ததால்தான் நூலகம் நூலகமாகத் தப்பியது.

மூன்றாவது வகை ஊராட்சி நூலகங்கள். 2006க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். கட்டியது ஊரக வளர்ச்சித் துறை. பார்த்துக்கொள்ள வேண்டியது ஊராட்சி. பல ஊர்களில் அது பூட்டிக் கிடக்கிறது, அல்லது நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது. ஊர்க்காரர் ஒருவர் மாவட்ட நூலக அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், "அது எங்கள் நூலகம் இல்லைங்க, ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்க" என்பார்கள். பொய் இல்லை. அந்த ஊர்க்காரர் வீட்டு வரியோடு கட்டும் நூலக வரி அவர் ஊர் நூலகத்துக்குப் போவதில்லை. மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போகிறது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் (1992) ஊராட்சிகளுக்கு உரியவை என்று பட்டியலிட்ட 29 பொருள்களில் 20ஆவது நூலகம். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பணத்தின் பாதை அதற்கேற்ப மாறவில்லை. பொறுப்பு ஒரு கதவில், பணம் இன்னொரு கதவில்.

அக்கம்பக்கத்தில் எப்படி

நீளமாகப் பட்டியல் போடத் தேவையில்லை. தமிழ்நாட்டைப் புரிந்துகொள்ள உதவும் மூன்று போதும்.

கேரளத்தின் சட்டம் 1989ஆம் ஆண்டினது. அங்கே நூலகம் முதலில் மக்களுடையது, அரசு பின்னால் வந்தது. பி.என். பணிக்கர் முயன்று 1945இல் தொடங்கிய கிரந்தசாலை (நூலக) இயக்கத்தின் மேல்தான் சட்டம் கட்டப்பட்டது. ஊர் வாசிப்பகங்கள் உறுப்பினர்களால் நடத்தப்படுபவை. அவற்றின் பிரதிநிதிகள் வாக்களித்து வட்டம், மாவட்டம், மாநிலம் என்று மூன்று அடுக்கில் கவுன்சில்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரி 5 விழுக்காடுதான், நம்மில் பாதி. ஆனால் மாநிலக் கல்விப் பட்ஜெட்டில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாமல் அரசு தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. அரசியல் அங்கேயும் உண்டு, கவுன்சில் தேர்தலில் கட்சிகள் மோதிக்கொள்ளும். ஆனாலும் பணம் வரவில்லை என்றால் கத்துவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாய்கள் இருக்கின்றன.

கர்நாடகத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நூலக வரி உண்டு, 6 விழுக்காடு. பாக்கிக் கதையும் அப்படியே உண்டு. பெங்களூரு மாநகராட்சி வைத்திருந்த பாக்கி பலமுறை செய்தியானது. ஆனால் 2019இல் அவர்கள் கிராம ஊராட்சி நூலகங்களை நூலகத் துறையிடமிருந்து எடுத்து ஊரக வளர்ச்சித் துறையிடம் கொடுத்தார்கள். அதாவது பொறுப்பையும் கட்டடத்தையும் ஒரே கதவுக்குள் வைத்தார்கள்.

மகாராட்டிரத்தில் (1967) வரியே கிடையாது. மக்கள் அமைப்புகள் நடத்தும் நூலகங்களை அ, ஆ, இ, ஈ என்று தரம் பிரித்து அரசு மானியம் தருகிறது. இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள். மானியம் உயரும் ஆண்டில் மகிழ்ச்சி, உயராத ஆண்டுகளில் நூலகருக்குக் கிடைப்பது சம்பளம் என்று சொல்ல முடியாத தொகை. அரங்கநாதன் அஞ்சியது இதைத்தான். போகிற போக்கில் கோவாவையும் சொல்லலாம்: அங்கே நூலகத்துக்கான பணத்தை மதுபானத்தின் மேல் வரியாக வைத்திருக்கிறார்கள். குடிப்பவர்களால் படிப்பவர்களுக்கு உதவி.

உங்கள் ஊரில் என்ன கேட்கலாம்

இந்த வரியைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பவர்கள் பெரும்பாலும் தவறான அலுவலகத்தில் கேட்டு, "எங்கள் அலுவலகம் சார்ந்ததல்ல" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். மேலே சொன்ன பாதையை வைத்துப் பிரித்துக் கேட்டால் பதில் கிடைக்கும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

1. உள்ளாட்சியிடம் (மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி): ஒவ்வொரு ஆண்டும் நூலக வரியாக வசூலான தொகை எவ்வளவு, ஆணைக்குழுவுக்கு ஒப்படைத்தது எவ்வளவு, எந்தத் தேதிகளில்?

2. மாவட்ட நூலக அலுவலகத்திடம்: உள்ளாட்சி வாரியாகப் பெற்ற தொகை எவ்வளவு? அரசின் பங்காக வந்தது எவ்வளவு? நூல், நாளிதழ், வாடகை, பராமரிப்பு என்று தனித்தனியாகச் செலவு எவ்வளவு?

3. அதே அலுவலகத்திடம்: ஆணைக்குழு கடைசியாகக் கூடியது எப்போது? உறுப்பினர்கள் யார், அவர்களில் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல்.

முதல் கேள்விக்கு வரும் எண்ணையும் இரண்டாவது கேள்விக்கு வரும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசம்தான் உங்கள் ஊரின் பாக்கி. மூன்றாவது கேள்விக்குத் தேதி வராமல் "தனி அலுவலர் பொறுப்பில் உள்ளது" என்று மட்டும் வந்தால், அந்தப் பாக்கியை இத்தனை நாள் யாரும் கேட்காததற்கான காரணமும் அதே கடிதத்தில் வந்துவிட்டது என்று பொருள்.